ஹன்னியின் புகாருக்குப் பிறகும் கே-பாப் கலைஞர் தொழிலாளி இல்லையா?

1. நெய்தல்

2024 அக்டோபர் 15 அன்று தென் கொரிய நாடாளுமன்றத்தின் சுற்றுச்சூழல், தொழிலாளர் நலக் குழுவின் முன், நியூஜீன்ஸ் என்ற கே-பாப் (தென் கொரியப் பாப் இசை) பெண்கள் குழுவின் ஹன்னி சாட்சி சொன்னார். வயது 20. மெல்பர்னில் வளர்ந்த வியட்நாமியக் குடும்பத்துப் பெண். தன் குழுவின் தாய் நிறுவனமான ஹைப்பின் கட்டடத்தில், ஒப்பனைக்காகக் காத்திருந்த இடத்தில், இன்னொரு குழுவின் மேலாளர் தன் குழுப் பெண்களிடம் "அவளைக் கண்டுகொள்ளாதீர்கள்" என்று தன் காதுபடச் சொன்னதாக அழுதுகொண்டே சொன்னார். அந்தக் குழுவின் தரப்பு அதை மறுத்தது. அந்தச் சொல் உண்மையில் சொல்லப்பட்டதா என்பது இங்கே என் கேள்வி இல்லை.

அடுத்த மாதம் தொழிலாளர் அமைச்சகத்தின் சியோல் மேற்குக் கிளை அந்தப் புகாரை முடித்துவைத்தது. பணியிடத் துன்புறுத்தல் நடந்ததா என்ற விசாரணைக்குள் அது போகவே இல்லை. ஹன்னி தொழிலாளர் தரச் சட்டத்தின்படி தொழிலாளியே இல்லை, ஆகவே அந்தச் சட்டம் அவருக்குப் பொருந்தாது என்று சொல்லிவிட்டது. காரணங்களைக் கவனியுங்கள். நிறுவனமும் அவரும் சமநிலையில் நின்று ஒப்பந்தம் செய்தவர்கள். வேலை நேரமும் இடமும் வரையறுக்கப்படவில்லை. அவர் பெறுவது கூலி அல்ல, இலாபப் பங்கு. செலவையும் இரு தரப்பும் பகிர்ந்துகொள்கின்றன. வரியும் ஊதிய வரியாகக் கட்டவில்லை, தொழில் வருமான வரியாகக் கட்டுகிறார்.

நான் தொழிலாளர் வழக்குகளோடு நாள்தோறும் புழங்குகிறவள். வேலை நேரம் வரையறுக்கப்படவில்லை என்பதை ஒருவருக்குப் பாதுகாப்பு கூடாது என்பதற்கான காரணமாகப் படித்தபோது எனக்கு ஆத்திரம் வந்தது. எப்போது எழுந்திருக்க வேண்டும், என்ன உண்ண வேண்டும், யாரோடு பேசலாம், கைப்பேசி வைத்திருக்கலாமா என்பதையெல்லாம் இன்னொருவர் முடிவு செய்யும் வாழ்க்கையில் நேரம் வரையறுக்கப்படாமல் இருப்பதுதான் சிக்கலே.

கே-பாப் பற்றி நாம் பேசும் கடன், தூக்கமின்மை, உடல் எடை, காதல் தடை, மனச்சோர்வு எல்லாவற்றுக்கும் அடியில் இந்த ஒரே கேள்வி கிடக்கிறது என்று நினைக்கிறேன். இவர்கள் சட்டத்தின் முன் யார்? மாற்றுக் கருத்து உள்ளவர்களும் எழுதுங்கள்.

2. கணக்கன்_திருச்சி

மாற்றுக் கருத்து எனக்கு இருக்கிறது. அமைச்சகம் சொன்னது சரி. மாதச் சம்பளக்காரர் ஒருவர் நட்டத்தைச் சுமப்பதில்லை, இலாபத்தில் பங்கும் கேட்பதில்லை. நியூஜீன்ஸ் உறுப்பினர்கள் 2022இல் அறிமுகமானார்கள். சில ஆண்டுகளுக்குள் அவர்கள் ஈட்டியதை எந்த ஊழியரும் வாழ்நாளில் பார்க்க முடியாது. பங்காளிக்குரிய வருமானமும் வேண்டும், ஊழியருக்குரிய காப்பும் வேண்டும் என்றால் எந்தக் கணக்கில் எழுதுவது?

நிறுவனத்தின் பக்கத்தையும் பாருங்கள். ஒரு பெண்ணுக்குப் பாட்டு, நடனம், மொழி, தங்குமிடம், உணவு என்று பல ஆண்டுகள் செலவழிக்க வேண்டும். பிறகு இசைத்தொகுப்பு, காணொளி, விளம்பரம். அறிமுகமாகும் குழுக்களில் பெரும்பாலானவை யாருக்கும் தெரியாமலேயே கலைந்துபோகின்றன. அந்தப் பணத்தை யாரும் திருப்பித் தருவதில்லை. வெற்றி பெற்ற ஒன்றிரண்டு குழுக்கள்தான் தோற்ற பத்துக் குழுக்களின் செலவைச் சுமக்கின்றன. சினிமாவில் பணம் போட்ட எவருக்கும் இது புரியும்.

3. கசியோபியா2008

கணக்கன் சார், "சமநிலையில் நின்று செய்த ஒப்பந்தம்" என்றால் என்ன என்பதை எங்கள் தலைமுறை ரசிகர்கள் டிவிஎக்ஸ்கியூ என்ற ஆண்கள் குழுவின் வழக்கில் பார்த்துவிட்டோம். இளையவர்களுக்காகச் சொல்கிறேன்.

2009 ஜூலை கடைசியில் அந்தக் குழுவின் ஜேஜுங், யூச்சுன், ஜுன்சு மூவரும் தங்கள் நிறுவனமான எஸ்எம் என்டர்டெயின்மென்ட் மீது வழக்குத் தொடுத்தார்கள். ஒப்பந்தக் காலம் 13 ஆண்டுகள். கட்டாய இராணுவச் சேவைக் காலம் அதில் சேராது, ஆகவே உண்மையில் 15 ஆண்டுகள். இடையில் விலகினால் நிறுவனம் போட்ட முதலீட்டைப் போல் மூன்று மடங்கும், மீதிக் காலத்தில் வந்திருக்கக்கூடிய வருமானத்தைப் போல் இரண்டு மடங்கும் கட்ட வேண்டும். அப்போது அவர்கள் ஆசியாவின் உச்சியில் இருந்தார்கள். டோக்கியோ டோம் அரங்கை நிரப்பியவர்களுக்கே இதுதான் ஒப்பந்தம்.

அந்த அக்டோபரில் சியோல் நீதிமன்றம் அவர்கள் தனியாகச் செயல்படுவதை நிறுவனம் தடுக்கக் கூடாது என்றது. வழக்குக்குச் சற்று முன்பு, அதே ஜூலையில்தான் கொரிய நியாய வர்த்தக ஆணையம் 7 ஆண்டு என்ற வரம்போடு மாதிரி ஒப்பந்தத்தைக் கொண்டுவந்திருந்தது. இன்று எல்லோரும் "ஏழாண்டுச் சாபம்" என்று ஒரு குழு கலையும்போது புலம்புகிறார்களே, அந்த ஏழாண்டு இப்படிப்பட்ட ஒப்பந்தங்களுக்குக் கடிவாளமாக வந்தது.

அவர்களுக்கு என்ன கிடைத்தது? நீதிமன்றத்தில் வெற்றி. தொலைக்காட்சியில் இருட்டடிப்பு. ஜேஒய்ஜே என்ற பெயரில் இசைத்தொகுப்புகள் வந்தன, கச்சேரிகள் நிரம்பின, ஆனால் இசை நிகழ்ச்சிகளில் அவர்களைப் பார்க்க முடியவில்லை. 2013இல் அதே நியாய வர்த்தக ஆணையம், அவர்களின் நிகழ்ச்சிகளுக்கு இடையூறு செய்வதை நிறுத்தும்படி எஸ்எம்முக்கும் ஒரு தொழில் சங்கத்துக்கும் உத்தரவிட வேண்டியிருந்தது. 2015இல் ஒளிபரப்புச் சட்டத்திலேயே திருத்தம் வந்தது. ரசிகர்கள் அதை ஜேஒய்ஜே சட்டம் என்பார்கள். அதற்குள் அவர்களின் இருபதுகள் ஏறக்குறைய முடிந்துபோயின.

4. வேளச்சேரி அம்மா

இந்த இழையை முழுவதும் படித்துக்கொண்டிருக்கிறேன். என் மகளுக்கு 14 வயது. சென்னையில் இன்கோ மையத்தில் கொரிய மொழி படிக்கிறாள், நன்றாகவே படிக்கிறாள். பெரிய நிறுவனம் ஒன்று உலக அளவில் நடத்தும் இணையவழித் தேர்வுக்குத் தன் நடனக் காணொளியை அனுப்ப அனுமதி கேட்கிறாள். ஒடிசாவின் ஸ்ரேயா லெங்கா பிளாக்ஸ்வான் குழுவில் சேர்ந்ததையும், கேரளத்து ஆரியா எக்ஸ்:இன் குழுவில் அறிமுகமானதையும் காட்டி "நம் ஊர்ப் பெண்களும் போகிறார்கள், அம்மா" என்கிறாள்.

தடுக்க எனக்கு மனமில்லை. அனுப்பவும் துணிவில்லை. தேர்வாகிவிட்டால் முதலில் கையெழுத்திட வேண்டிய தாளில் என்ன இருக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

5. நெய்தல்

அம்மா, இரண்டு தாள்கள் உண்டு. முதலில் வருவது டிரெய்னி ஒப்பந்தம், அதாவது பயிற்சிக் காலத்துக்கான ஒப்பந்தம். அறிமுகம் ஆகும்போதுதான் 7 ஆண்டு ஒப்பந்தம். கவலைப்பட வேண்டியது முதல் தாளைப் பற்றித்தான், ஏனென்றால் அதில் கையெழுத்திடும்போது பிள்ளையின் கையில் எதுவுமே இருக்காது.

2017இல் நியாய வர்த்தக ஆணையம் எட்டு நிறுவனங்களின் டிரெய்னி ஒப்பந்தங்களைச் சோதித்தது. சில நிறுவனங்கள், பிள்ளை இடையில் விலகினால் பயிற்சிக்குச் செலவானதைப் போல் இரண்டு, மூன்று மடங்கு அபராதம் என்று எழுதியிருந்தன. பயிற்சி முடிந்ததும் அதே நிறுவனத்தோடுதான் அடுத்த ஒப்பந்தம் செய்ய வேண்டும் என்ற கட்டாயமும் இருந்தது. ஆணையம் அவற்றைத் திருத்த வைத்தது. 2019இல் பண்பாட்டு அமைச்சகம் டிரெய்னிகளுக்கென்று மாதிரி ஒப்பந்தம் வெளியிட்டது. அதன்படி பயிற்சிக் காலம் 3 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. ஆனால் மாதிரி என்பது பரிந்துரைதான். உங்களுக்கு வரும் தாள் அந்த மாதிரியோடு எங்கெல்லாம் மாறுபடுகிறது என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கொடுத்து, வரி வரியாக ஒப்பிடச் சொல்லுங்கள். "எங்கள் வழக்கமான தாள் இது" என்று அவசரப்படுத்தினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

வேலை நேரத்துக்கும் சட்டம் இருக்கிறது. 2014 முதல் நடைமுறையில் உள்ள மக்கள் கலைத் தொழில் சட்டத்தின்படி 15 வயதுக்குக் கீழே வாரம் 35 மணி நேரம், அதற்கு மேற்பட்ட பதின்வயதினருக்கு 40 மணி நேரம். இரவு 10 முதல் காலை 6 வரை வேலை கூடாது. ஆனால் 15 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மறுநாள் பள்ளி இல்லையென்றால், பிள்ளையும் பெற்றோரும் ஒப்புக்கொண்டால், நள்ளிரவு வரை நீட்டிக்கலாம். அந்த ஒப்புதல் தாளும் உங்களிடம்தான் வரும். வெளிநாட்டில் விட்டுவிட்டு வந்த பிள்ளையின் எதிர்காலம் உங்கள் பதிலில் தொங்குகிறது என்று நினைக்க வைத்துக் கேட்பார்கள். மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு.

6. கணக்கன்_திருச்சி

சிறுவர் விஷயத்தில் நான் நெய்தலோடு முழுக்க ஒத்துப்போகிறேன். 2 மடங்கு, 3 மடங்கு அபராதம் எல்லாம் கொள்ளை.

ஆனால் எல்லா வழக்கிலும் கலைஞர்தான் ஏமாற்றப்பட்டவர் என்று முன்முடிவு எடுக்காதீர்கள். ஃபிஃப்டி ஃபிஃப்டி என்ற நால்வர் குழுவை நினைவிருக்கிறதா? அட்ராக்ட் என்ற சின்னஞ்சிறு நிறுவனம். 2023 பிப்ரவரியில் வந்த 'கியூபிட்' பாடல் அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 17ஆம் இடம் வரை போனது. அறிமுகமான சில மாதங்களில் எந்தக் கொரியக் குழுவுக்கும் கிடைக்காத உயரம். அந்தச் சூட்டோடு ஜூனில் நான்கு பேரும் ஒப்பந்தத்தை நிறுத்தக் கோரி நீதிமன்றம் போனார்கள். ஆகஸ்டில் நீதிமன்றம் ஏற்க மறுத்தது. கீனா மட்டும் திரும்பி வந்தார். மற்ற மூவரின் ஒப்பந்தத்தை நிறுவனம் ரத்து செய்தது. அந்த உயரத்துக்கு அந்த நால்வரும் மீண்டும் போகவில்லை. தொழிலாளிச் சட்டம் இருந்திருந்தால் இங்கே யாரைக் காப்பாற்றியிருக்கும்?

இன்னொன்று. பங்காளி உறவு ஏமாற்று அல்ல என்பதற்கு பிடிஎஸ் குழு சான்று. 2020இல் இன்றைய ஹைப் நிறுவனம் பங்குச் சந்தைக்கு வரும்போது, நிறுவனர் பாங் சி-ஹ்யுக் ஏழு பேருக்கும் ஆளுக்கு 68,385 பங்குகள் கொடுத்தார். எந்தத் தொழிற்சாலையில் இது நடக்கும்?

7. கசியோபியா2008

சார், உச்சிக்குப் போனவரைக் காட்டி அமைப்பு நல்லது என்கிறீர்கள். லூனா என்ற பெண்கள் குழுவின் கணக்கைப் போட்டுப் பாருங்கள், உங்கள் தொழில்தானே.

அதன் உறுப்பினர் சூவின் ஒப்பந்தம் பற்றி 2022 இறுதியில் கொரிய ஊடகங்களில் வெளியானது இதுதான். வருமானத்தில் நிறுவனத்துக்கு 7, கலைஞருக்கு 3. செலவில் ஆளுக்குப் பாதி. 100 ரூபாய் வருகிறது, செலவு 70 என்று வைத்துக்கொள்ளுங்கள். கலைஞரின் பங்கு 30. அவர் தலையில் விழும் செலவு 35. தொழில் 30 ரூபாய் இலாபம் ஈட்டியிருக்கிறது, ஆனால் அதில் ஆடிப் பாடியவருக்கு 5 ரூபாய் கடன். நிறுவனத்துக்கு 35 ரூபாய் இலாபம். அதாவது கலைஞர் கடனாளி ஆகும் அதே ஆண்டில் நிறுவனம் மொத்த இலாபத்தை விடவும் அதிகமாக எடுத்துக்கொண்டு போகிறது. அடுத்த ஆண்டு இன்னும் நிறைய நிகழ்ச்சிகள், இன்னும் நிறையச் செலவு, இன்னும் நிறையக் கடன்.

சூவை நிறுவனம் 2022 நவம்பரில் குழுவை விட்டு வெளியேற்றியது. மற்றவர்களில் ஒன்பது பேர் வழக்குப் போட்டார்கள். 2023 ஜனவரியில் நான்கு பேருக்குச் சாதகம், ஐந்து பேருக்குப் பாதகம். ஒரே குழு, ஒரே மேடை, ஒரே வீட்டில் தங்கியவர்கள். தாளில் இருந்த வாசகங்கள் மட்டும் வேறு. அந்த ஐந்து பேரும் விடுபட ஆண்டின் நடுப்பகுதி ஆகிவிட்டது.

8. கணக்கன்_திருச்சி

அந்தக் கணக்கு மோசடிக்கு நிகரானது. செலவைக் கழித்துவிட்டுப் பங்கு பிரிப்பதுதான் முறை. இதை எந்தக் கணக்காளரும் ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனால் இதை நீதிமன்றம் சரிசெய்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

9. ஊதாவானம்

எல்லோரும் நிறுவனங்களைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் 2018இலிருந்து பிடிஎஸ் ரசிகை. 2022 ஜூனில் அவர்கள் ஏழு பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டபடி பேசிய காணொளியை நான் மறக்க மாட்டேன். கே-பாப் அமைப்பும் ஐடல் (நிறுவனம் பயிற்றுவித்து உருவாக்கும் பாப் நட்சத்திரம்) அமைப்பும் ஒரு மனிதரை முதிர விடுவதில்லை, ஏதாவது தயாரித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது என்று ஆர்எம் கண் கலங்கிச் சொன்னார். உலகத்திலேயே அதிக அதிகாரம் கொண்ட குழுவின் தலைவர், பங்குகளையும் வைத்திருப்பவர், அப்படிச் சொன்னார். ஆகவே பணக் கணக்கு சரியாகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அவர்களை ஓயாமல் தயாரிக்கச் சொன்னது யார்? வாங்கிய நாமும்தானே? ஒரே இசைத்தொகுப்பை ஐந்து விதமான அட்டைகளில் விடுவார்கள். உள்ளே எந்த உறுப்பினரின் புகைப்பட அட்டை இருக்கும் என்று தெரியாது. ரசிகர் சந்திப்புக்குக் குலுக்கல் உண்டு, அதிகம் வாங்கியவருக்கு அதிக வாய்ப்பு. பெட்டி பெட்டியாக வாங்கி, அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு, வட்டுகளைத் தெருவில் விட்டுவிட்டுப் போகிறார்கள். 2024இல் டோக்கியோவின் ஷிபுயாவில் செவன்டீன் தொகுப்புகள் குவியலாகக் கிடந்த படத்தைப் பார்த்து நான் வெட்கப்பட்டேன். கே-பாப் ஃபார் பிளானட் என்ற ரசிகர் அமைப்பு 2021 முதல் இதை எதிர்த்துப் பேசிக்கொண்டிருக்கிறது. நிறுவனங்கள் காதில் வாங்குவது கொஞ்சம்தான்.

10. சியோல்வாசி

ரசிகர்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் நான் நேரில் பார்த்ததை எழுதுகிறேன். இங்கே முதுகலை படிக்கிறேன், தங்கியிருப்பது சியோங்சு பகுதியில். எஸ்எம்மின் தலைமையகம் இங்கேதான், சியோல் காடு பூங்காவுக்கு அருகில்.

2024 அக்டோபர் 11 அன்று ரைஸ் குழுவுக்கு சுங்ஹான் திரும்புகிறார் என்று அறிவிப்பு வந்தது. அறிமுகத்துக்கு முன்பு ஒரு பெண்ணோடு எடுத்த தனிப்பட்ட படங்கள் கசிந்ததால் முந்தைய ஆண்டு நவம்பர் முதல் ஒதுங்கியிருந்தவர். மறுநாள் கட்டடத்தைச் சுற்றிய நடைபாதை முழுக்க மலர் வளையங்கள். இங்கே சாவு வீட்டுக்கு அனுப்புகிற வெள்ளைச் செவ்வந்தி வளையங்கள், மூங்கில் முக்காலியில் நின்றபடி, ஆள் உயரத்துக்கு. இரண்டு பக்கமும் தொங்கும் வெள்ளை ரிப்பனில் கறுப்பு எழுத்து. வழக்கமாக இறந்தவருக்கு இரங்கல் எழுதும் இடம் அது. இங்கே 'வெளியே போ', 'ஆறு பேர்தான் ரைஸ்' என்ற பொருளில் எழுதியிருந்தது. எண்ணிக்கை ஆயிரம் என்று செய்திகள் கூறின. வண்டிகள் வந்து இறக்கிக்கொண்டே இருந்தன. இறக்கிய ஊழியர் ரிப்பனை நீவிவிட்டு, எழுத்து தெருவைப் பார்க்கும்படி வளையத்தைத் திருப்பி வைத்துவிட்டுப் போனார். பள்ளிச் சீருடையில் வந்த இரண்டு பெண்கள் நின்று படம் எடுத்தார்கள்.

13ஆம் தேதி சுங்ஹான் குழுவை விட்டு விலகுவதாக அறிவித்தார். இரண்டே நாள். உயிரோடு இருக்கும் இருபத்தொரு வயதுப் பையனுக்குச் சாவு மாலை போட்டு வேலையை விட்டு அனுப்பினார்கள். எந்தத் தவறும் நீதிமன்றத்தில் நிரூபிக்கப்படவில்லை. நீதிமன்றத்துக்குப் போகக்கூடிய தவறே அங்கு இல்லை.

அதே ஆண்டு பிப்ரவரியில் எஸ்எம்மின் எஸ்பா குழுவைச் சேர்ந்த கரினா ஒரு நடிகரைக் காதலிப்பது தெரிந்தபோது, எஸ்எம் வாசலுக்கு மின்பலகை வண்டி வந்தது. ரசிகர்கள் கொடுக்கும் அன்பு போதவில்லையா, மன்னிப்புக் கேள், இல்லையென்றால் விற்பனை சரியும் என்ற பொருளில் வாசகங்கள். மார்ச் தொடக்கத்தில் அவர் கைப்பட எழுதி மன்னிப்புக் கேட்டார். ஏப்ரலில் அவர்கள் பிரிந்துவிட்டார்கள். 23 வயதுப் பெண் காதலித்ததற்காக எழுதிய மன்னிப்புக் கடிதம் அது.

11. ஊதாவானம்

இதைப் படித்து எனக்குக் கை நடுங்குகிறது. ஆனால் இவர்களை ரசிகர்கள் என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். சுங்ஹானை வெளியேற்றியதை எதிர்த்து வெளிநாட்டு ரசிகர்கள் அவ்வளவு எழுதினார்கள், புறக்கணிப்புக்கே அழைத்தார்கள்.

12. சியோல்வாசி

எழுதினார்கள், உண்மை. நிறுவனம் வளையங்களின் பேச்சைத்தான் கேட்டது. இந்தத் தெருவில் நிற்கும் கோபத்துக்கு இருக்கும் எடை வேறு.

நெய்தல் அக்காவின் கேள்விக்கே வருகிறேன். ஒரு ஊழியரை வாடிக்கையாளர்களின் கூச்சலுக்காக இரண்டு நாளில் அனுப்ப இங்கே உள்ள தொழிலாளர் சட்டம் விடாது. அறிவிப்பு, காரணம், விசாரணை எல்லாம் வேண்டும். ஐடலுக்கு அந்தப் படிகளே இல்லை. அவர் "தானாக விலகினார்" என்று ஒரு கடிதம் வெளியாகும், அவ்வளவுதான்.

13. மாலைநேரம்

பண்பாட்டுச் சிக்கல்களையும் யாராவது பேசுங்கள். 2020இல் பிளாக்பிங்க் குழுவின் 'ஹவ் யூ லைக் தட்' காணொளியில் பிள்ளையார் சிலையைத் தரையில், மேடை அலங்காரப் பொருளாக வைத்திருந்தார்கள். நம் நாட்டு ரசிகர்கள் எதிர்த்த பிறகு ஓசையில்லாமல் அழித்துவிட்டார்கள்.

14. கசியோபியா2008

இதுவும் இழையின் பொருளுக்குள்தான் வருகிறது. காணொளியின் அலங்காரத்தை முடிவு செய்தது நிறுவனம், அது ஓசையில்லாமல் திருத்திக்கொண்டு போய்விட்டது. இதோடு டுவைஸ் குழுவின் சூயூவை ஒப்பிடுங்கள். ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தைவான் கொடியைக் கையில் வைத்திருந்தார் என்று சீனாவில் கொந்தளிப்பு எழுந்தது. 2016 ஜனவரி 15, தைவான் அதிபர் தேர்தலுக்கு முந்தைய நாள், கறுப்பு உடையில், தாளைப் பார்த்து மன்னிப்பு வாசிக்க வைத்தார்கள். அவருக்கு 16 வயது. தைவானியப் பெண் தைவான் கொடி பிடித்ததற்கு.

வருமானத்தில் பங்காளி என்கிறார்கள். பழி வரும்போது கேமரா முன் தனியாக நிற்க வேண்டியவர் அந்தப் பிள்ளைதான்.

15. வேளச்சேரி அம்மா

வெறுப்புப் பேச்சு பற்றியும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். கே-பாப் பாடகிகள் சுல்லி, கூ ஹாரா இருவரும் 2019இல் ஆறு வார இடைவெளியில் இறந்தது என் மகளுக்கும் தெரியும். அவளே கேட்டாள்: "அதற்குப் பிறகு ஏதாவது மாறியதா?" எனக்குப் பதில் தெரியவில்லை.

16. சியோல்வாசி

கொஞ்சம் மாறியது, அம்மா. டாவும் என்ற கொரிய இணையத் தளம் அந்த அக்டோபரிலேயே பொழுதுபோக்குச் செய்திகளுக்குக் கீழே கருத்து எழுதுவதை நிறுத்தியது. நேவர் தளம் 2020 மார்ச்சில் நிறுத்தியது. வெறுப்பு அங்கிருந்து யூடியூபுக்குக் குடிபெயர்ந்தது. ஐவ் குழுவின் ஜாங் வொன்-யங் பற்றிப் பொய்களைத் தொகுத்துப் பணம் பார்த்த ஒரு சேனலை இங்கே யாராலும் தொட முடியவில்லை, நடத்துபவர் யாரென்றே தெரியாது. ஜாங் வொன்-யங்கின் நிறுவனம் 2023இல் அமெரிக்க நீதிமன்றம் வரை போய் ஆளைக் கண்டுபிடித்தது. 2025 ஜனவரியில் இரண்டு ஆண்டுச் சிறைத் தண்டனை, நிறுத்திவைக்கப்பட்ட நிலையில். 21 கோடி வொன் பறிமுதல். இந்த ஒரு வழக்கில் நிறுவனம் செய்தது பாராட்டத்தக்கது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கூ ஹாரா பற்றி இன்னொன்று. சிறு வயதில் விட்டுப் போன தாய், அவர் இறந்த பிறகு சொத்தில் பங்கு கேட்டு வந்தார். அண்ணன் விடாமல் போராடியதில், வளர்க்காத பெற்றோருக்கு வாரிசுரிமை மறுக்கும் திருத்தம் 2024 ஆகஸ்டில் நிறைவேறியது. கூ ஹாரா சட்டம் என்றே அழைக்கிறார்கள். பர்னிங் சன் என்ற சியோல் இரவு விடுதியைச் சுற்றி எழுந்த வழக்கில் காவல்துறைத் தொடர்பை வெளிக்கொணர நிருபருக்கு உதவியவரும் கூ ஹாராதான் என்பது பிறகு வந்த ஆவணப்படத்தில் தெரியவந்தது.

உங்கள் மகளின் வயதுப் பிள்ளைகள் பற்றி: 2025இல் எம்பிஎன் தொலைக்காட்சி 15 வயதும் அதற்குக் கீழும் உள்ள சிறுமிகளை மட்டும் வைத்து ஒரு போட்டி நிகழ்ச்சி அறிவித்தது. ஒப்பனை போட்ட அந்தக் குழந்தைகளின் படங்களுக்குக் கீழே, கடையில் பொருளின் மேல் ஒட்டுகிற கோட்டுக் குறியீட்டை அச்சிட்டிருந்தார்கள். இங்கே பெற்றோரும் பெண்கள் அமைப்புகளும் கொதித்தெழுந்தார்கள். மார்ச் கடைசியில் ஒளிபரப்பையே கைவிட்டார்கள். எதிர்த்தால் நடக்கிறது.

17. நெய்தல்

மேலே எழுதியவற்றையெல்லாம் படித்த பிறகு சட்ட வழி ஒன்றைச் சொல்கிறேன். கணக்கன் சார், நீங்கள் கேட்டீர்களே, பங்காளிக்கான வருமானத்தையும் ஊழியருக்கான காப்பையும் எந்தக் கணக்கில் எழுதுவது என்று. கொரிய உச்ச நீதிமன்றமே அதற்கு ஒரு பக்கம் திறந்து வைத்திருக்கிறது.

அங்கே தொழிலாளிக்கு இரண்டு இலக்கணம். தொழிலாளர் தரச் சட்டத்தின் இலக்கணம் குறுகியது, ஹன்னிக்குக் கதவடைத்தது அதுதான். தொழிற்சங்கச் சட்டத்தின் இலக்கணம் அகலமானது. தொலைக்காட்சி நடிகர்கள் மாதச் சம்பளக்காரர்கள் இல்லை, ஒப்பந்தத்துக்கு நடிப்பவர்கள். ஆனாலும் அவர்கள் தொழிற்சங்கச் சட்டத்தின்படி தொழிலாளர்கள், ஒளிபரப்பு நிறுவனத்தோடு கூட்டாகப் பேரம் பேசும் உரிமை உண்டு என்று 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிகழ்ச்சிக்கு ஏற்ற ஊதியத்தை யார் முடிவு செய்கிறார், பணி யாருடைய மேற்பார்வையில் நடக்கிறது, வருமானத்துக்கு யாரைச் சார்ந்திருக்கிறார் என்று பார்த்தார்கள். ஐடலுக்கு இந்தச் சார்பு நடிகரை விடப் பல மடங்கு அதிகம். நடிகர் நாளை வேறு தொடருக்குப் போகலாம்.

சங்கம் என்ன செய்யும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 2014 செப்டம்பரில் லேடீஸ் கோட் குழு தேகு நகரில் நிகழ்ச்சியை முடித்துவிட்டு நள்ளிரவுக்குப் பிறகு சியோல் திரும்பும் வழியில் வண்டி விபத்துக்குள்ளாகி, யூன்பி, ரீசே இருவரும் இறந்தார்கள். மழை, அதிவேகம், ஓட்டியவர் மேலாளர். தொழிற்சங்கம் ஒன்று இருந்திருந்தால் அது கேட்கும் முதல் விதியே "இரவு நிகழ்ச்சி முடிந்தால் அந்த ஊரிலேயே தங்க வேண்டும்" என்பதாக இருந்திருக்கும். இலாபப் பங்கை யாரும் தொடத் தேவையில்லை.

18. கணக்கன்_திருச்சி

2018 தீர்ப்பு எனக்குப் புதிய செய்தி. வாதம் பொருந்துகிறது, மறுக்கவில்லை.

ஆனால் சங்கத்தில் சேர்வது யார்? நடிகருக்கு அறுபது வயது வரை தொழில் உண்டு, ஆகவே சங்கமும் நிற்கிறது. இங்கே ஏழு ஆண்டில் ஒப்பந்தம் முடிகிறது. முதல் மூன்று ஆண்டு கடனில். 19 வயதுப் பெண், அறிமுகத்துக்கே பத்து ஆண்டு காத்திருந்தவள், சங்கத் தாளில் பெயர் எழுதி நிறுவனத்தின் கண்ணில் விழுவாளா? ஜேஒய்ஜேக்கு நடந்ததை கசியோபியா சொல்லிவிட்டார். நியூஜீன்ஸ் ஐந்து பேரும் 2024 நவம்பரில் ஒப்பந்தம் முடிந்தது என்று தாங்களே அறிவித்தார்கள். 2025 மார்ச்சில் தடை வந்தது, அக்டோபர் 30 அன்று ஒப்பந்தம் செல்லும் என்று தீர்ப்பும் வந்தது. உலகப் புகழ் பெற்றவர்களுக்கே பல மாதங்கள் மேடை இல்லாமல் போனது. இதைப் பார்த்த பிறகு எந்தப் புதுமுகம் துணியும்?

19. நெய்தல்

புதுமுகம் துணிய வேண்டியதில்லை, சார். ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்து, முப்பதைத் தாண்டி, நிறுவனத்திடம் எதையும் எதிர்பார்க்காதவர்கள் இன்று நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். கே-பாப்பின் முதல் இரண்டு தலைமுறைகளில் அப்படிப்பட்டவர்கள் குறைவு, இப்போது குழுக்கள் ஏராளம். ஐந்து நிமிடம் அழுதுவிட்டு அடுத்த நிகழ்ச்சிக்கு ஓடிய நாட்களைப் பற்றி அவர்கள் யூடியூபில் வெளிப்படையாகப் பேசத் தொடங்கிவிட்டார்கள். எல்லாத் தொழிலிலும் சங்கத்தின் முதல் கையெழுத்து, இழக்க எதுவும் இல்லாத மூத்தவர்களுடையதாகத்தான் இருந்திருக்கிறது. உறுப்பினர் பட்டியலை நிறுவனத்துக்குக் காட்டாமலேயே பேச்சு நடத்த வழி உண்டா என்பது அடுத்த கேள்வி. கொரியத் தொழிற்சங்கச் சட்டத்தில் அதற்கான பிரிவுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், வார இறுதிக்குள் இங்கேயே எழுதுகிறேன்.

வேளச்சேரி அம்மா, தாள் கைக்கு வந்தால் தனிச்செய்தியில் தெரியப்படுத்துங்கள். 2019 மாதிரியை வைத்து ஒப்பிட நான் உதவுகிறேன்.